வாப்பாவின் ஒரே வசனம்

என் வாப்பா ஃபிக்ரி தபால் நிலையத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் ஒருநாளும் யாருக்கும் கார் கதவைத் திறந்துவிட்டதில்லை. ஆனால் கெய்ரோவில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியும், பெயர்தான் தெரியாது. படங்களிலும் தொடர்களிலும் காப்பி விளம்பரங்களிலும் வெள்ளை ஜிப்பாவும் தலைப்பாகையுமாக வாசலில் நிற்கிற கறுத்த காவல்காரர் அவர்தான். பணக்கார வீட்டம்மா பின்னால் பெட்டி தூக்கிப்போகிறவரும் அவர்தான். எந்தப் படமானாலும் படத்துக்குள் அவர் பெயர் உஸ்மான். பேச மாட்டார். பேசுகிற உஸ்மானுக்கு வேறு ஆள் உண்டு. வெளுத்த ஆள், முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு.

நாங்கள் நூபியர், எகிப்தின் தெற்கே நைல் கரைக்காரர்கள். அரசாங்கம் அணை கட்டியபோது எங்கள் ஊர்கள் தண்ணீருக்கு அடியில் போயின. கெய்ரோ எங்களை வாசலில் நிற்கவைத்து, பிறகு அதையே நகைச்சுவை ஆக்கிக்கொண்டது. இதைப் பற்றித்தான் முதுகலை ஆய்வு எழுதினேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இனவெறியெல்லாம் அமெரிக்கச் சரக்கும்மா, நம்ம நாட்டுல ஏது? நாங்கல்லாம் நூபியர் மேல உயிரையே வச்சிருக்கோமே" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தேநீர் கொண்டுவந்தவர் எங்கள் ஊர்க்காரர். அவரைக் கை காட்டி, "இவரையே கேளு" என்றார். ஊர்க்காரர் தேநீரை வைத்துவிட்டு வெளியே போனார்.

நான் படித்த கோட்பாட்டின் முதல் பாடமே அதுதான். இனவெறி என்பது கெட்டவன் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற காரியமில்லை. நல்லவர்கள் சிரித்தபடி தினமும் பார்க்கிற வேலை. அதனால்தான் கண்ணில் படுவதில்லை. பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு தொலைபேசி நிறுவனத்தில் இணையம் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். முகம் தெரியாத வேலை என்பதால் கொடுத்தார்கள்.

நோன்பு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹம்தி போன் செய்தான். துணை நடிகர்களுக்கு ஏஜென்ட். இமாதுத்தீன் தெருப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு தடியன், ஒரு தொப்பைக்காரன், ஒரு கறுப்பன்" என்று ஆள் அனுப்புவான்.

"சாச்சா, உட்கார்ந்திருக்கீங்களா? உட்காருங்க முதல்ல. உங்களுக்கு வசனம் இருக்கு!"

வாப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். ரமலான் தொடர். நோன்பு திறந்து, தராவீஹ் தொழுகையும் முடிந்து நாடே பார்க்கிற நேரம். வசனம் இதுதான்: "லிஃப்ட் வேலை செய்யலை ஐயா. படியில ஏறிப் போங்க."

அன்று முதல் எங்கள் வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. குளியலறையில் வேலை செய்யவில்லை, சமையலறையில் வேலை செய்யவில்லை. ஒருநாள் 'ஐயா'வை அழுத்திச் சொல்வார், மறுநாள் 'படி'யை. தபால் நிலைய ஜன்னலில் நின்று வருடக்கணக்கில் ஊருக்கெல்லாம் பதில் சொன்ன குரல். மணி மாதிரி தெளிவான கெய்ரோப் பேச்சு.

"லிஃப்டே இல்லாத வீட்டுல இருந்துக்கிட்டு இந்த மனுஷன் பண்ற அலப்பறை!" என்றார் உம்மா.

"நீ சும்மா இரு. டைரக்டர் கேட்டா எல்லா மாதிரியும் சொல்லத் தெரியணும்."

"எல்லா மாதிரியும் சொல்லு, ஆனா வெங்காயத்தை நறுக்கிக்கிட்டே சொல்லு."

படப்பிடிப்புக்கு என்னையும் கூட்டிப்போனார். வசனம் பேசும்போது புகைப்படம் எடுக்க வேண்டுமாம்.

இயக்குநர் இன்ஜி, அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவள், கழுத்தில் நூபிய வெள்ளி மாலை. வாப்பாவைக் கட்டிக்கொண்டாள். கதாநாயகன் மீதோ லுத்ஃபி, குழந்தைகள் முதல் கிழவிகள் வரை சிரிக்கவைக்கிற நடிகர், வாப்பாவின் நெற்றியில் முத்தமிட்டார். "எங்க சாச்சா இல்லாம ஒரு வாசல் உண்டா இந்த நாட்டுல!" எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும்தான். பிறகு அவரை ஒப்பனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் மீதோ.

ஒப்பனைக்காரப் பெண் வாப்பாவின் கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். தட்டில் கலவை கலந்தாள். வாப்பாவின் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள், துடைத்தாள், இன்னும் கொஞ்சம் கறுப்பு சேர்த்தாள். கலவை சரியானதும் அதை எடுத்து மீதோவின் முகத்தில் பூச ஆரம்பித்தாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாப்பாவுக்குப் புரியவில்லை. அவர் கண்ணை மூடி, தன் முறைக்காக முகத்தைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் படம் எடுத்தேன்.

"சாச்சா, நீங்க எழுந்துக்கலாம். கலர் கிடைச்சிடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

இன்ஜி கண்காணிப்புத் திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "இன்னும் ரெண்டு பூச்சு போடு. டிவில இது பத்தாது."

லிஃப்ட் வசனத்தை மீதோ பேசினார். தப்பும் தவறுமாக, நாக்கு தடுமாறி, கண்ணை உருட்டி. கேமராக்காரர் சிரித்ததில் கேமரா ஆடி, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வாப்பா பின்னால் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹம்தி ஓடிவந்து காதில் சொன்னான்: "காமெடி டைமிங் சாச்சா. மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த தடவை கண்டிப்பா."

பஸ்ஸில் திரும்பும்போது வாப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். "நல்லாத்தான் பண்றான் அந்தப் பையன்" என்றார், நான் எதுவும் கேட்காமலேயே.

நோன்பு பிறந்தது. தொடர் வந்தது. ஊர் சிரித்தது. எங்கள் தெருப் பயல்கள் என்னைப் பார்த்து, "லிஃப்ட்டு வேலை செய்யிதா, சாக்லேட்டு?" என்று மீதோ குரலில் கூவினார்கள். அன்றைக்கே அந்தப் புகைப்படத்தை இணையத்தில் போட்டேன். வாப்பாவின் கன்னம், மீதோவின் கன்னம், நடுவில் தூரிகை. கீழே எழுதினேன்: "இந்த நிறத்தோடு பிறந்தவருக்குப் பேச உரிமை இல்லை. இதைப் பூசிக்கொண்டு மாலையில் கழுவிவிடுகிறவருக்கு உண்டு. எங்கள் தோல் எங்கள் சொத்தில்லை, அவர்களுடைய உடுப்பு."

விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்குள் நாடு முழுக்கப் பரவிவிட்டது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று எடுத்துப் போட்டது. காப்பி நிறுவனம் தொடருக்குக் கொடுத்த விளம்பரத்தை நிறுத்திவிட்டது. அப்போதுதான் தொடரை எடுக்கிற கம்பெனிக்குச் சுருக்கென்றது.

வாப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நோன்பு திறந்து, பேரீச்சம்பழக் கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"என்னைக் கேட்டியா?"

"உங்களை அவங்க கேட்டாங்களா வாப்பா, கன்னத்துல கோடு இழுக்கிறதுக்கு முன்னாடி?"

"அவங்க வேத்தாளு. நீ என் மக. கண்ணை மூடிக்கிட்டு இளிச்சவாயன் மாதிரி உட்கார்ந்திருக்கேன் அந்தப் படத்துல. நாடே பார்க்குது. அவன் என்னைக் கறுப்பன்னு காட்டினான். நீ என்னை ஏமாளின்னு காட்டிட்ட."

எனக்குப் பதில் இருந்தது. நிறைய இருந்தது, அத்தியாயம் வாரியாக. உம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்து வாயை அடைத்தார்.

ஹம்தி அதன் பிறகு போன் செய்யவில்லை. வாப்பா போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

பிறகு இன்ஜியே வந்தாள். ஒரு பெரிய தட்டு குனாஃபா இனிப்போடு, நான்கு மாடி படியேறி, மூச்சு வாங்க. "லிஃப்ட் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நப்ரா, நீ எழுதினதைப் படிச்சு நான் அழுதேன்" என்றாள். "சத்தியமா. நானும் இதெல்லாம் படிச்சவதான். பிரதிநிதித்துவம் எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா ரெண்டு பூச்சு கூடப் போடச் சொன்னீங்க?"

உம்மா என் தொடையைக் கிள்ளினார்.

இன்ஜி வாப்பா பக்கம் திரும்பினாள். விஷயம் இதுதான். தொடரை இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் நாட்டு ரமலான் தொடர் எல்லாமே அப்படித்தான்; முதல் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் பாதியை எழுதுவார்கள், கடைசி வாரம் காலையில் எடுத்ததை இரவில் போடுவார்கள். ஆக, ஒரு புதுக் காட்சி சேர்க்கலாம். மீதோ நடிக்கிற உஸ்மானின் ஊரிலிருந்து அவனுடைய மாமா வருகிறார். கட்டட முதலாளி விரட்டுகிறான். மாமா நிமிர்ந்து நின்று ஒரு வசனம் பேசுகிறார். அதை இன்ஜி காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள்:

"இந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே நான் இங்க இருக்கேன். என்னை வெளியே போன்னு சொல்ல நீ யாரு?"

வாப்பா அதை வாய்க்குள் படித்தார். உதடு அசைவதைப் பார்த்தேன். அணைத் தண்ணீர் வந்தபோது சட்டி பானையோடு படகில் ஏற்றப்பட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். வீட்டில் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

"இது... நல்லா இருக்கும்மா" என்றார்.

"உங்களுக்கு நாங்க குரல் கொடுக்கிறோம் சாச்சா. ஒரே ஒரு சின்ன உதவி. நாளைக்கு ராத்திரி டிவி பேட்டி நிகழ்ச்சியில மீதோ பக்கத்துல உட்கார்ந்து, மனசுல ஒண்ணும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடணும்."

நான் சிரித்துவிட்டேன். "நான் படிச்சதுல ஒரு பாடம் உண்டு மேடம். எங்களுக்கு நியாயம் கிடைக்கணும்னா அது உங்களுக்கு லாபமா இருக்கணும். அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். அதுக்கு மேல ஒரு விரல்கடை கூடக் கிடைக்காது."

"அந்த அளவாவது கிடைக்கட்டுமே, செல்லம்" என்றாள் இன்ஜி. அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

அவள் போன பிறகு நானும் வாப்பாவும் சண்டை போட்டோம். பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்தது, எங்கள் சண்டை கேட்க.

"உங்களை வச்சு வாயைத் துடைச்சுக்கப் போறாங்க வாப்பா!"

"துடைச்சுக்கட்டும். இத்தனை வருஷமா வாசல்ல நின்னேன் புள்ள. ஒரு தடவை வாயைத் திறந்துட்டுப் போறேன். என் குரலை நம்ம ஆளுங்க ஒரு தடவை கேட்கட்டும். உன் படிப்புல இதுக்கு இடமில்லையா?"

இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கதவை அறைந்துகொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

நிகழ்ச்சியில் வாப்பா என் பட்டமளிப்பு விழாவுக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். தொகுப்பாளினி கேட்டாள்: "உண்மையைச் சொல்லுங்க சாச்சா, வருத்தம் உண்டா?" "இல்லை" என்றார் வாப்பா. மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மீதோ அவரைக் கட்டிக்கொண்டார். இசை போட்டார்கள். காப்பி விளம்பரம் திரும்பிவந்தது.

படப்பிடிப்புக்கு இந்த முறை என்னைக் கூட்டிப்போகவில்லை. மாலையில், பாங்குக்குக் கொஞ்ச நேரம் முன்னால் வந்து சேர்ந்தார். நோன்போடு நாள் முழுக்க வெயிலில் நின்ற களைப்பு, ஆனால் முகத்தில் ஒரு பூரிப்பு. "ஒரே டேக்! சொல்லி முடிச்சதும் லைட் பாய்லாம் கை தட்டினாங்க!"

உம்மா அருகில் போனார். வாப்பாவின் காதுக்குப் பின்னால் விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். கறுப்பு. சட்டைக் காலரிலும் கறுப்பு.

"இது என்ன?"

"அது... மேக்கப்."

"உனக்கு எதுக்கு?"

வாப்பா தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மீதோவுக்குப் பூசினது ரொம்பக் கறுப்பா அமைஞ்சிடுச்சு. நான் பக்கத்துல நின்னா வெளுப்பாத் தெரியுறேனாம். ஒரே குடும்பம் மாதிரி தெரியலையாம். அதனால என்னையும் கொஞ்சம்... லைட்டு வெளிச்சம் அப்படி."

முதலில் அவர் கன்னத்தைப் பார்த்து ஒருவன் முகத்தை வரைந்தார்கள். பிறகு அந்த முகத்தைப் பார்த்து அவரைத் திருத்தினார்கள். நான் வாயைத் திறந்தேன். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். உம்மா ஆலிவ் எண்ணெயில் பஞ்சை நனைத்து, பிள்ளையைத் துடைப்பது போல அவர் காதுக்குப் பின்னால் துடைத்தார். பாங்கு சொன்னார்கள். வாப்பா பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது.

காட்சி மறுநாள் இரவு வந்தது. கெய்ரோவின் அப்தீன் பகுதியில் எங்கள் ஊர்ச் சங்கம் இருக்கிறது. தண்ணீரில் போன ஊரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய கூடம். கல்யாணமும் துக்க விசாரிப்பும் அங்கேதான். தராவீஹ் முடிந்ததும் ஊரே வந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், குழந்தைகள், ஜாடிகளில் எலுமிச்சை பிழிந்த எங்கள் அப்ரே பானம். வாப்பாவை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள்.

"ஏய் ஃபிக்ரி, இனிமே எங்களோடல்லாம் பேசுவியா, இல்ல அதுக்கும் ஹம்தியைக் கேட்கணுமா?" என்றார் ஒருவர்.

"கையெழுத்து வேணும்னா வரிசையில வாங்கப்பா" என்றார் வாப்பா. அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமா வந்தார். முதலாளி விரட்டினான். கேமரா மெல்ல வாப்பாவின் முகத்துக்குப் போனது. யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அந்தப் பூச்சையும் மீறி, என்ன கம்பீரம்! என் கோபமெல்லாம் எங்கே போனதோ, உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் வாப்பா வாயைத் திறந்தார்.

மீதோ லுத்ஃபியின் குரல் வந்தது.

அதே உஸ்மான் குரல். கீச்சென்று, நாக்கு தடுமாறி, வார்த்தையை மென்று துப்புகிற குரல். "இந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடியே நான் இங்க இருக்கேன்." ஒரு வார்த்தை கூட மாறவில்லை. எழுதிக்கொடுத்தது அப்படியே இருந்தது. "என்னை வெளியே போன்னு சொல்ல நீ யாரு?" பின்னால் ஒரு எக்காளம் பீப்பீ என்று ஊதியது.

கூடம் சிரித்தது. எங்கள் ஆட்கள்தான். வேண்டுமென்று இல்லை, பாதி நொடிதான், வாய் தானாகச் சிரித்துவிட்டது. மாதம் முழுக்க அந்தக் குரலுக்குச் சிரித்துப் பழகிய வாய். மீதோ அவ்வளவு திறமைசாலி. பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நிறுத்திய அமைதி சிரிப்பைவிட மோசம். யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். யாரும் முதல் வரிசையைப் பார்க்கவில்லை.

வாப்பா எழுந்தார். வெளியே போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசைக்குப் போய் அப்ரே ஜாடியை எடுத்தார். தட்டில் குவளைகளை அடுக்கினார். கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து ஊற்றிக்கொடுத்தார். படங்களில் செய்வாரே, அதே மாதிரி. வீட்டில் தன் குவளையைக் கூட எடுத்து வைக்காதவர். அவர்கள் குவளையைப் பார்த்துக் குனிந்துகொள்ள ஒரு வழி செய்து கொடுத்தார்.

என்னிடம் வந்தார்.

"உட்காருங்க வாப்பா. யாரும் கேட்கலை."

"குடி புள்ள. எல்லாரும் பார்க்கிறாங்க."

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இரண்டு கையிலும் தட்டு. "எடு" என்றார். எடுத்தேன். ஹம்தி.

"சாச்சா! கலக்கிட்டீங்க! இங்க காப்பிக்கடையே எழுந்து நின்னு கை தட்டுச்சு..."

"நான் நப்ரா. குரலை ஏன் மாத்தினீங்க?"

"யாரும் வேணும்னு செய்யலை தங்கச்சி. சாயங்காலம் எடிட் பண்ணும்போதுதான் பார்த்தாங்க, உங்க வாப்பா பேச்சு சுத்தமா இருந்துச்சு. டிவி நியூஸ் மாதிரி. உஸ்மானோட மாமா அப்படிப் பேசினா யாரு நம்புவா? மறுபடி எடுக்க நேரமில்லை. மீதோ டப்பிங் தியேட்டர்லயே இருந்தாரு, ஒரே மூச்சுல பேசிக் கொடுத்தாரு. அதுக்குன்னு தனியாக் காசு கூடக் கேட்கலை, தெரியுமா? நல்ல மனுஷன்."

நல்ல மனுஷன்தான். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆய்வில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன், முதல் வகுப்பு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது வாயில் ஒரு கெட்ட வார்த்தைதான் வந்தது. சொல்லியும் விட்டேன்.

வாப்பா தட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனை வாங்கினார். காதில் வைத்துக் கேட்டார். ஹம்தி எதையோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெருநாள், விளம்பரம், வாசல் என்பதெல்லாம் எனக்கும் கேட்டது. வாப்பா பேச வாயைத் திறந்தார். யார் குரல் வரப்போகிறதோ என்று ஒரு கணம் பயந்தேன்.

அவர் குரல்தான் வந்தது. தபால் நிலைய ஜன்னலில் கேட்ட அதே தெளிவு.

"பேச வேண்டியிருக்குமா?"

"சேச்சே, இல்லவே இல்லை சாச்சா. தட்டு மட்டும்தான்."

"அப்ப வர்றேன்."

போனை அணைத்துப் பையில் போட்டார். என் மடியிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டார். இன்னும் ஒரு வரிசை மிச்சமிருந்தது.